சந்தேகத் தொடர்களும் சந்தேகத்துக்குரிய கதைகளும்

ஆங்கிலத்தில் சந்தேகத்தைச் சொல்லும் மரபுத்தொடர்களுக்குப் பஞ்சமில்லை. ஏதோ சரியில்லை என்று பட்டால் 'எலி நாற்றம் அடிக்கிறது' என்பார்கள். கேட்ட செய்தியை அப்படியே நம்பிவிடாதே என்பதற்கு 'ஒரு கல் உப்போடு எடுத்துக்கொள்' என்பார்கள். கவனத்தைத் திருப்பும் பொய்த்தடம் 'ரெட் ஹெர்ரிங்'. ஒவ்வொன்றோடும் ஒரு பிறப்புக் கதை ஒட்டிக்கொண்டு வருகிறது. எதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லும் இந்தத் தொடர்களின் கதைகளை மட்டும் நாம் சோதிப்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஹெர்ரிங் மீனில் உப்பேற்றி, நிறம் சிவக்கும்வரை புகைபோட்டால் நெடி தூக்கலான கருவாடு கிடைக்கும். தப்பியோடும் குற்றவாளிகள் மோப்பநாய்களைக் குழப்ப அதைத் தடத்தின் குறுக்கே இழுத்துப் போனார்கள் என்பது பரவலான கதை. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில வேட்டைக் குறிப்பில் இந்தக் கருவாட்டுக்கு வேலையே வேறு. வேட்டைநாய்களின் பின்னால் ஓடக் குதிரைகளைப் பழக்குவதற்குச் செத்த பூனையையோ நரியையோ இழுத்துப் போகச் சொல்கிறது அது. இரண்டும் கிடைக்காவிட்டால்தான் இந்த மீன். ஏமாற்று என்ற பொருளைப் பரப்பியவர் பத்திரிகையாளர் வில்லியம் காபெட். முயலைத் துரத்திய நாய்களைச் சிறுவயதில் இந்த மீனால் திசைமாற்றியதாக 1807இல் தம் 'பொலிட்டிகல் ரெஜிஸ்டர்' இதழில் எழுதினார். நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச்செய்தியில் மயங்கி உள்நாட்டு விவகாரங்களைக் கைவிட்ட பத்திரிகைகளைச் சாடவே அதைச் சொன்னார். தப்பியோடிய குற்றவாளி யாரும் அதில் இல்லை. உப்பின் கதையும் இப்படித்தான். மித்ரிடேட்டிஸ் மன்னனின் விஷமுறிவு மருந்தை முதலாம் நூற்றாண்டு ரோமானியரான பிளினி எழுதிவைத்தார்: காய்ந்த வால்நட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை 20, ஒரு கல் உப்பு. அங்கே உப்பு வெறும் மருந்துச் சரக்கு. அவநம்பிக்கை என்ற பொருள் ஆங்கிலத்தில் தென்படுவது 17ஆம் நூற்றாண்டில்தான்.

பேச்சு முந்தியது, எழுத்து பிந்தியது. ஏட்டில் இல்லை என்பதால் வழக்கிலும் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏட்டில் முதலில் காணும் ஆண்டு பிறந்த ஆண்டாகாது. ஆனால் அந்த இடைவெளியை விருப்பப்பட்ட கதையால் நிரப்ப அது உரிமை தராது. கதை இருந்தால் மாணவருக்கு மனத்தில் நிற்கும் என்பார்கள். உண்மைக் கதையும் நிற்குமே! 'சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்கவேண்டும்' என்ற தொடரின் வேர் புளூட்டார்க்கின் நூலிலேயே இருக்கிறது. கி.மு. 62இல் சீசரின் வீட்டில் பெண்கள் மட்டும் கூடிய சடங்கில் குளோடியஸ் என்பவன் பெண் வேடத்தில் நுழைந்து பிடிபட்டான். மனைவி பொம்பெயா மீது குற்றம் நிரூபணமாகாமலே சீசர் அவளை விலக்கினார். இதைவிடச் சுவையான கதையை யார் கற்பனை செய்துவிட முடியும்?

ஆங்கிலப் பயிற்சி நூல் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: தொடரின் கதையை அச்சிடும்போது, அது எந்த ஏட்டில், எந்த ஆண்டில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஏடு கிடைக்காவிட்டால் பொருளை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.