பத்ரியன் தெருவில் ஒரு கேமரா

கல்யாண மண்டபங்களில் 'கேண்டிட்' என்றால் தனி பேக்கேஜ். மேடைக்கு நேர் எதிரே நின்று வரிசையாகக் குடும்பங்களை எடுப்பவர் 'டிரெடிஷனல்'. ஓரத்தில் குனிந்தும் நெளிந்தும் திரிபவர் 'கேண்டிட்'. கூலி பின்னவருக்குத்தான் கூடுதல். "மேடம், என்னைப் பார்க்காதீங்க, தங்கச்சி காதுல ஏதோ சொன்ன மாதிரி சிரிங்க" என்பார் அவர். மணப்பெண்ணும் சிரிப்பார். தற்செயலாக நடந்ததுபோல அது ஆல்பத்தில் ஏறிவிடும்.

நான் சந்தித்த கேண்டிட்காரர் இந்தத் தொழிலில் பதினெட்டு வருடமாக இருப்பவர். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில், யாரையும் எதையும் செய்யச் சொல்லாமல் படமெடுப்பதற்கென்றே பாரிமுனைப் பக்கம் போகிறார். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஊர்க்காரங்களையெல்லாம் ஓசில எடுக்கிறான், நம்மகிட்ட மட்டும் இவ்ளோ கேக்கிறான்னு கஸ்டமர் பேசுவாங்க சார்."

காலை ஆறு மணிக்கு பூக்கடை காவல் நிலையத்துக்கு எதிரே வரச் சொன்னார். இரண்டு நிபந்தனைகள்: பளீர் நிறத்தில் சட்டை போடக்கூடாது, கூட நடந்துகொண்டே பேசக்கூடாது. இரண்டாவதைக் காப்பாற்ற எனக்குக் கால் மணி நேரம்கூட முடியவில்லை.

1996இல் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. பூ வியாபாரத்தில் பெரும்பகுதியும் அங்கே போய்விட்டது. ஆனாலும் பத்ரியன் தெருவில் விடிகாலையில் கால் வைக்க இடமில்லை. சாமந்தி மூட்டை அவிழ்கிறது, அரளி எடை போடப்படுகிறது, ஈரச் சாக்கின் மேல் மல்லி குவிகிறது. காலுக்கடியில் மிதிபட்ட இதழ்களும் சேறும் கலந்து சொதசொதவென்று கிடக்கின்றன. "ஓரம் ஓரம் ஓரம்" என்று கத்தியபடி, பின்னால் வருவது ஆளா வண்டியா என்று திரும்பிப் பார்க்கக்கூட அவகாசம் தராமல் சுமை வந்துகொண்டே இருக்கிறது.

அவர் கையில் இருந்தது சின்னக் கேமரா. கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஜூம் லென்ஸ் வீட்டிலேயே இருக்கிறது. இங்கே 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான், அதுவும் ஜூம் இல்லாதது. ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, தூரத்தை இரண்டரை மீட்டரில் வைத்து, வளையம் நகராதபடி இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார். முழு ஃபிரேம் கேமராவில் துவாரத்தை எஃப் 8இல் வைத்தால், ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 4.8 மீட்டர் வரை இருக்கும் எல்லாமே தெளிவாக விழும். ஃபோகஸ் செய்யும் வேலையே இல்லை, கண் பார்த்ததும் விரல் அழுத்தினால் போதும். இரண்டரை மீட்டரை எப்படிக் கணக்கிடுகிறார் என்று கேட்டேன். "ஒரு மீன்பாடி வண்டி நீளம்" என்றார். அந்தத் தெருவில் அதைவிடக் கைவசமான அளவுகோல் கிடைக்காது.

நான் எதிர்பார்த்துப் போனது ஒளிந்து நின்று எடுக்கும் ஒருவரை. இடுப்பளவில் கேமராவைத் தொங்கவிட்டு, வேறெங்கோ பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ எல்லோரும் பார்க்கக் கேமராவைக் கண்ணுக்கு ஏற்றுகிறார். "ஒளிஞ்சு எடுத்தா திருடன்னுதான் நெனைப்பாங்க. நெனைக்கட்டும், ஆனா எனக்கே அப்படித் தோணிடும் பாருங்க." அவருடைய உத்தி வேறு. ஓரிடத்தில் போய் நிற்பார். முதல் பத்து நிமிடம் எல்லோரும் பார்ப்பார்கள், டீக்கடை மாஸ்டர் "எந்த டிவி சார்?" என்பார், இரண்டு பையன்கள் விரலை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்பார்கள். பையன்களைப் படமெடுத்துக் காட்டி அனுப்பிவிடுவார். அதன் பிறகும் அங்கேயே நிற்பார். அரை மணி நேரத்தில் தெருவுக்கு அவர் சலித்துப்போகிறார். வேலை அப்புறம்தான் ஆரம்பம்.

தெருப் புகைப்படக்காரர்கள் குலதெய்வமாகக் கும்பிடுபவர் பிரான்சின் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்த இரவில் திருவண்ணாமலையில் இருந்தவர் அவர், அங்கே படங்களும் எடுத்திருக்கிறார். தன் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டவர். 1952இல் வந்த அவரது புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு 'தீர்மானமான கணம்' என்ற பொருளில் உலகம் முழுக்கப் பிரபலம். பிரெஞ்சுத் தலைப்பில் அந்தக் கம்பீரம் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் விற்றுக்கொண்டு, போலீஸைக் கண்டதும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் நடைபாதை வியாபாரியைச் சொல்லப் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்தும் சொல்தான் அதில் இருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலை நடைபாதையில் நிற்கிறவனுக்கு இந்தத் தலைப்புதான் சட்டென்று புரியும்.

அன்று நம் கேண்டிட்காரர் குறிவைத்தது ஒரு வெளிச்சத்தை. இரண்டு கடைகளின் நீலத் தார்ப்பாய்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி. ஏழு மணி வாக்கில் அதன் வழியே வெயில் சாய்ந்து விழுந்து, தரையில் ஒரு பட்டையாகக் கிடந்தது. அந்தப் பட்டைக்குள் தலைச்சுமையோடு ஒருவர் நுழைய வேண்டும், முகம் நிமிர்ந்திருக்க வேண்டும், பின்னால் இருட்டாக இருக்க வேண்டும். முதலில் வந்தவர் குனிந்தபடி போனார். அடுத்தவர் சரியாகத்தான் நுழைந்தார், ஆனால் இடையில் ஒரு பைக் புகுந்துவிட்டது. நாற்பது நிமிடம் கழிந்த பிறகு, செவ்வந்திக் கூடையோடு வந்த பெரியவர் ஒருவர் வெயில் கண்ணில் பட்டதும் ஒரு கணம் நின்று, கண்ணைச் சுருக்கி, வாயில் இருந்த பீடியை நாக்காலேயே ஓரத்துக்குத் தள்ளினார். கிளிக். எனக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

எல்லாம் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. எட்டு மணிக்கு, தேங்காய் நார் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் நேராக வந்து, "இன்னா சார், யாரைக் கேட்டு எடுத்தே?" என்றார். இவர் வாதாடவில்லை. திரையைத் திருப்பிக் காட்டி, அவர் கண்முன்னாலேயே அழித்தார். பொது இடத்தில் படமெடுக்கப் பொதுவான தடை எதுவும் நம் சட்டத்தில் இல்லை. ஆனால் தன்னைத் தன்பாட்டுக்கு விடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' வெளியிடுவது தொடர்பான வழக்கு அது. அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள். நம் கேண்டிட்காரரோ தீர்ப்பு எதையும் படித்தவர் இல்லை. நடைபாதையில் தூங்குகிறவரை எடுப்பதில்லை, குடித்துக் கிடப்பவரை எடுப்பதில்லை, அம்மாவைக் கேட்காமல் குழந்தையை எடுப்பதில்லை. பரிசு வாங்கும் படங்களில் பாதி இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம், அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குள் 214 படங்கள். டீ குடித்துக்கொண்டே அங்கேயே கழித்தார். மூன்று மிஞ்சின. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது டெவலப் செய்யாத பிலிம் சுருள்கள் மட்டும் 2,500 வாக்கில் இருந்தன என்று சொன்னேன். "அவருக்கும் ஹார்ட் டிஸ்க் பிரச்னைதான் போல" என்றார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. தோள் பையில் ஒரு கவர். போன மாதம் எடுத்தவர்களுக்குக் கொடுக்க நாலுக்கு ஆறு பிரிண்டுகள். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், இன்னொருவரைக் காணோம். கனகாம்பரம் தொடுக்கும் அம்மா மட்டும் வழக்கமான இடத்தில் இருந்தார். படத்தில் அவர் பல்லால் நாரைக் கடித்து இழுத்துக்கொண்டு, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். மடியில் பூ, பின்னால் ஒரு சைக்கிள் சக்கரத்தின் நிழல். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். பக்கத்துக் கடைப் பெண்ணிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

"ஏந்தம்பி, பேய் மாதிரி வாயைப் பொளந்துகினு கீறேன். இத போய் எடுத்துகினு வந்துருக்கியே."

எழுந்தார். குடத்துத் தண்ணீரில் முகம் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகி, தொடுத்து வைத்திருந்ததில் ஒரு முழத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். சாமந்திக் குவியலுக்குப் பக்கத்தில் கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைப்பாக, சிரிக்காமல் நின்றார். "இப்ப எடு."

அவர் லென்ஸில் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தார். "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அன்று முதல்முறையாக ஒருவருக்குச் சொன்னார். மூன்று முறை எடுத்தார். அடுத்த வாரம் பெரிய சைஸில் வேண்டும், சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சிரிக்கும் படத்தை அந்த அம்மா அவர் சட்டைப் பையிலேயே சொருகினார்.

"இத நீயே வெச்சுக்க."