ப்ளஸ் டூவுக்கு முன்னாடி ஒரு மே மாசம்

அக்கா பொண்ணுக்கு கோடை லீவுல வயலின் வகுப்பு தேடிக் கொடுக்கிற வேலை இந்த வருஷம் என் தலையில விழுந்தது. "நீதான் கச்சேரி கச்சேரின்னு அலையறவனாச்சே, நீயே பாரு"ன்னு அக்கா சொல்லிட்டா. (எனக்கு கேட்க மட்டும்தான் தெரியும். எங்க குடும்பத்துல அதுவே பெரிய தகுதி!)

அவங்க இருக்கிறது கொட்டச்சேடு. ஏற்காட்டுல இருந்து குப்பனூர் இறங்குற மலைப்பாதையில இருக்கிற ஊர். காபி விளையும், மிளகு விளையும், வயலின் வாத்தியார் மட்டும் விளையமாட்டார். அஞ்சு வருஷமா சனிக்கிழமை தோறும் பஸ் பிடிச்சு சேலம் போய்க் கத்துக்கறா. சரளி வரிசையில ஆரம்பிச்சு இப்போ வர்ணம் வரைக்கும் வந்தாச்சு. ஆனா அவளுக்கு ஆசை கால்நடை டாக்டர் ஆகணும்னு. இசையைப் பாடமா எடுக்கப் போறதில்லைன்னு அவளே தெளிவா சொல்லிட்டா. அந்தப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்தான் முக்கியம். அதனால மாமா கேட்டதுலயும் நியாயம் இருக்கு: "தொழிலா எடுக்கலைன்னா எதுக்கு ஒரு மாசத்தை அதுல போடணும்?"

"சர்டிபிகேட் கிடைக்குமே"ன்னு பக்கத்துல ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். அது எடுபடாது. பிரிட்டன்ல டிரினிட்டி மாதிரியான தேர்வுகள்ல 6, 7, 8வது கிரேடு வாங்கினா பல்கலைக்கழக சேர்க்கைக்குப் புள்ளி உண்டு. நம்ம ஊர் கவுன்சிலிங்ல விளையாட்டுக்கு இடம் இருக்கு, வயலினுக்கு இல்லை. ஐஐடி மெட்ராஸ் 2025-26ல இருந்து பி.டெக் படிப்புகள்ல நுண்கலைக்குன்னு தலா 2 இடம் வெச்சிருக்காங்க. அதுக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறணும், மேல தேசிய விருதோ வானொலி கிரேடோ மாதிரி ஒரு தகுதி வேணும். இருபது நாள் வகுப்போட காகிதத்தை வெச்சு ஒண்ணும் ஆகாது.

அப்போ எதுக்குத்தான் போகணும்? எனக்குத் தோணின பதில் இது. அஞ்சு வருஷத்துல அவ வாத்தியார் முன்னாடி வாசிச்சிருக்கா, வீட்டுல தனியா வாசிச்சிருக்கா. பாடறவங்க பக்கத்துல உட்கார்ந்து ஒருநாளும் வாசிச்சதில்லை. கர்நாடக சங்கீதத்துல வயலின் முக்கியமா பக்கவாத்தியம். பாடறவங்க எங்கே இழுப்பாங்க, எங்கே விடுவாங்கன்னு காதை வெச்சுப் பின்னாடியே போகணும். அந்தப் பழக்கம் வந்துட்டா நாளைக்கு ஹாஸ்டல்லயோ கோயில் பஜனையிலயோ யாராவது "வா, வாசி"ன்னு கூப்பிடுவாங்க. வரலைன்னா ப்ளஸ் டூவோட வயலின் பரணுக்குப் போயிடும். எனக்கு பயமே அதுதான்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பார்த்தேன்:

1. ஜவகர் சிறுவர் மன்றம்: அரசு நடத்துறது, 5 முதல் 16 வயசு வரைக்கும் சேரலாம். முதல் தடவையா பாட்டோ நடனமோ தொட்டுப் பார்க்கிற பசங்களுக்கு அருமை. வர்ணம் வாசிக்கிறவ அங்கே மறுபடி முதல்ல இருந்து உட்காரணும்.

2. மாவட்ட அரசு இசைப்பள்ளி: நல்ல இடம், ஆனா 3 வருஷப் படிப்பு. லீவுக்குன்னு போய் சேர முடியாது.

3. சென்னையில ஒரு மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா முகாம்: சேர்ந்து வாசிக்கிறது கிடைக்கும். ஆனா நாற்காலியில உட்கார்ந்து வாசிக்கணும், நொட்டேஷன் படிக்கணும். தந்தியே ஜி-டி-ஏ-ஈன்னு வேற சுருதி. நம்ம ச-ப-ச-ப பிள்ளைக்கு மூணு வாரமும் அதைப் பழகவே சரியாப் போகும்.

4. ஆன்லைன்: மலையில சிக்னல் இருந்தா பாடம் கேட்கலாம். ஆனா சத்தம் கொஞ்சம் தாமதமா வர்றதால ரெண்டு பேர் சேர்ந்து தாளத்துல வாசிக்கவே முடியாது. நமக்கு வேண்டியதே அதுதானே!

5. சேலம் வாத்தியார் வீடு: மே மாசம் மூணு வாரம். வாய்ப்பாட்டு படிக்கிற ரெண்டு பொண்ணுங்களும் மிருதங்கம் வாசிக்கிற பையனும் வர்றாங்க. காலையில ரெண்டு மணி நேரம்தான்.

அஞ்சாவதுதான் முடிவாச்சு. கோடை விழா சமயத்துல மலைப்பாதையில வண்டி நெரிசல் எப்படி இருக்கும்னு ஏற்காட்டுக்காரங்களைக் கேட்டாத் தெரியும். அதனால தினம் ஏறி இறங்காம, சேலத்துல சித்தி வீட்டுல தங்கறா. மதியத்துக்கு மேல ப்ளஸ் டூ புத்தகம். இது மாமா போட்ட கண்டிஷன், அவளும் சரின்னுட்டா.

இதே மாதிரி தேடற அப்பா அம்மாக்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். வகுப்பு நடத்துறவங்களைப் பார்த்தா பீஸையும் சர்டிபிகேட்டையும் அப்புறம் கேளுங்க. முதல்ல "என் பிள்ளை யாரோட சேர்ந்து வாசிக்கும்?"னு கேளுங்க. பேர் சொல்லி பதில் வந்தா தைரியமா சேர்த்து விடுங்க.