நெடுக்கே ஒரு கடல்

பினாங்குக்காரர்களுக்குக் கடல் என்பது குறுக்கே கடக்க வேண்டிய ஒன்று. முன்பு ஃபெர்ரி மட்டும் இருந்தது, பிறகு ஒரு பாலம் வந்தது, இப்போது இரண்டு பாலங்கள். தீவை விட்டுப் போகக் காசில்லை, தீவுக்குள் வரத்தான் டோல். "இந்த ஊரை விட்டு யார் வேண்டுமானாலும் போகலாம், வருவதற்குத்தான் யோசிக்கணும்" என்று என் மனைவி சொல்வாள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் நீரிணையை நெடுக்கில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. மீனவர்கள் பார்த்திருப்பார்கள். மாலுமிகள், பாய்மரப் படகு வைத்திருக்கும் சிலர், அவ்வளவுதான்.

அந்தச் சிலரில் ஒருவர் எங்கள் நண்பர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் தோட்டம் போடுவார்கள். இவர் நாற்பது அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கினார். அவரும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும், இன்னொரு தம்பதியுமாக ஒரு ஜனவரியில் கிளம்பினோம். தெற்கே பூலாவ் ரீமாவில் தொடங்கி, நீரிணை வழியே ஜார்ஜ்டவுனைத் தாண்டி, தீவின் வடமேற்கு மூலையான முக்கா ஹெட் வரை போவது திட்டம். ரீமாவில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம், முக்கா ஹெட்டில் 1883இல் கட்டிய இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே சுமார் நாற்பது கிலோமீட்டர் தண்ணீர்.

ஜனவரிக்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று மலேசியாவின் கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும் மாதங்களில், நடுவில் மலைத்தொடர் மறிப்பதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் 'சுமத்ரா' என்று இங்கே சொல்லும் புயல்மழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னால், மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து மோதும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அதற்குள் பாயைக் கிழித்துவிடும்.

பத்து மாவுங்கில் ஏறினோம். அட்மிரல் செங் ஹோவின் காலடி என்று சீனர்கள் வணங்கும் பாறைத்தடம் உள்ள கோயில் அங்கேதான் இருக்கிறது. ரீமாவைச் சுற்றிக்கொண்டு படகின் அணியத்தை வடக்கே திருப்பியபோது இடப்பக்கம் தீவின் தென்கரை தெரிந்தது. சிலிக்கான் தீவு என்ற பெயரில் கடலைத் தூர்த்து நிலம் உருவாக்கும் வேலை 2023இல் தொடங்கியது இந்தக் கரைக்கு அப்பால்தான். முதலில் மூன்று தீவுகள் என்றார்கள், எதிர்ப்புக்குப் பிறகு ஒன்றாகக் குறைத்தார்கள். இறாலும் மீனும் பிடித்துப் பிழைக்கும் தென்கரைக் கிராமத்தாருக்கு அந்த ஒன்றே அதிகம் என்பது என் எண்ணம்.

படகில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் பாயின் அடிக்கட்டையைப் பற்றியது. திசை மாறும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசி வரும். "அண்ணே, குனிங்க! கட்டை வருது!" என்று நண்பரின் மனைவி கத்துவார். சுக்கான் அவர் கையில்தான். நண்பர் பெயருக்குத் தண்டல். பாய்க்கயிற்றை இழுக்கச் சொன்னால் இழுப்பார், விடச் சொன்னால் விடுவார். காலையில் பெருநிலத்திலிருந்து தரைக்காற்று மெல்ல வந்தது. பத்து மணிக்கெல்லாம் அதுவும் செத்தது. எஞ்சினைப் போட்டோம். மலாக்கா நீரிணையில் பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் பாதி நாள் டீசலில்தான் ஓடுகிறார்கள் என்பதை அவர்கள் எடுக்கும் படங்கள் சொல்வதில்லை.

இரண்டாவது பாலம் 2014 மார்ச்சில் திறந்தது. மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கடல்மேல் 16.9. மேலிருந்து பார்த்தால் முடிவில்லாத சாலை. கீழிருந்து பார்த்தால் முடிவில்லாத தூண்வரிசை. கப்பல் வழிக்கு மேலே 30 மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். எங்கள் பாய்மரம் 18 மீட்டர்தான், கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாலம் தலைக்கு மேல் வரும் அந்த நொடியில் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். அடியிலிருந்து பார்க்கும்போது மரத்தின் நுனி பாலத்தில் இடிக்கத்தான் போகிறது என்று கண் சாதிக்கிறது.

வலப்பக்கம் பத்து காவான். அதற்குத் தெற்கே நிபோங் திபால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பெருநிலக் கரை கரும்புத் தோட்டமாக இருந்தது. ரப்பருக்கு முன்னால் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு இழுத்தது இந்தக் கரும்புதான். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. இப்போது பத்து காவானில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளும் விளையாட்டரங்கமும். கரும்பின் தடம் கடலிலிருந்து எதுவும் தெரிவதில்லை.

அன்று மாலை ஜெரஜாக் தீவின் ஓரத்தில் நங்கூரம் போட்டோம். கொஞ்ச தூரத்தில் மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள், அவற்றின் மேல் ஒரு தகரக் குடிசை, குரைக்கும் நாய். தீவு முழுக்கக் காடு. அதற்குள் இருக்கும் வரலாறு நல்லதாக ஒன்றும் இல்லை. 1868இல் தொழுநோயாளருக்கென்று இங்கே கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். அடுத்து நோய்த்தடுப்பு முகாம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு காசநோய் மருத்துவமனை. 1969இல் சிறை, 1993 வரை அது இருந்தது. ஊர் எதையெல்லாம் பார்க்க விரும்பவில்லையோ அதையெல்லாம் இந்தத் தீவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நமக்கு இதில் முக்கியமானது நோய்த்தடுப்பு முகாம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்தவர்கள் ஜார்ஜ்டவுனின் விளக்குகளைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு இங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். அம்மை, காலரா என்ற பயம். துணிகளை வேகவைப்பார்கள், உடம்பைச் சோதிப்பார்கள், நாள் கணக்கில் காக்கவைப்பார்கள். என் மனைவியின் பாட்டி கடைசி வரை இந்தத் தீவின் பெயரைச் சொன்னதில்லை. 'கொட்டகையில் போட்டாங்க' என்று மட்டும் சொல்வாராம். அன்றிரவு படகின் மேல்தட்டில் என் மனைவி வெகுநேரம் காட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பேசவில்லை.

அந்தக் கப்பல்களில் நீண்ட காலம் ஓடியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் 'ரஜுலா'. 1926இல் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்தது. அடுத்து இந்திய அரசுக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், பயணிகள் சேவையும் அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று பினாங்கின் முதல் பாலத்தைத் திறந்தார்கள். தமிழர்களை நெடுக்காகக் கொண்டுவந்த கடல்வழி அடைபட்டதும், எல்லோரையும் குறுக்காகக் கொண்டுபோகும் சாலை திறந்ததும் ஒரே ஆண்டில். எனக்குப் பிறகு வந்த பினாங்குத் தமிழர்களுக்குக் கடல்வழி தமிழ்நாடு என்ற ஒன்றே கிடையாது. அவர்களுக்குத் திருச்சியும் சென்னையும் விமான நிலையங்கள்.

மறுநாள் நீரோட்டம் சாதகமாகும் வரை காத்திருந்து முதல் பாலத்தைக் கடந்தோம். இங்கே ஓட்டம் நாளுக்கு நாலு தடவை திசை மாறுகிறது. எதிர் ஓட்டத்தில் மாட்டினால் எஞ்சின் இரைந்துகொண்டே இருக்கும், கரை நகராது. நடுக்கண்ணின் அகலம் 225 மீட்டர், உயரம் 33. பயணிகளை ஏற்றிவரும் பெரிய உல்லாசக் கப்பல்கள் இதன் அடியில் வரமுடியாது. அவை வடக்கு வாயிலாக வந்து வடக்கு வாயிலாகவே திரும்பும். பாலத்தைத் தாண்டியதும் தண்ணீர் வேறாகிவிடுகிறது. வலப்பக்கம் பிறையின் எண்ணெய்த் தொட்டிகள், பட்டர்வொர்த்தின் பாரந்தூக்கிகள். குறுக்கும் நெடுக்குமாக இழுவைப் படகுகள். நடுவே ஃபெர்ரி வந்தால் நாங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

ஃபெர்ரி 1894இல் தொடங்கியது. இரண்டு அடுக்கில் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு தீவின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஓடிய பழைய ஃபெர்ரிகளுக்கு 2020 டிசம்பர் 31தான் கடைசி நாள். 2023இல் வந்த புதியவை வேகமானவை, சுத்தமானவை, குளிரூட்டப்பட்டவை. பழையதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்கினவர்கள் புதியதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

கடலிலிருந்து பார்த்தால்தான் ஜார்ஜ்டவுனின் முகம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. கால் ஊன்றி நிற்கும் சீனக் குலத்தார் துறைகள், வெல்ட் குவேயின் கிட்டங்கிகள், சுங்கக் கட்டடத்தின் மணிக்கூண்டு. அந்தக் கட்டடம் ரயில் நிலையமாகக் கட்டப்பட்டது. தீவில் தண்டவாளமே இல்லாமல் அதில் ரயில் டிக்கெட் விற்றார்கள். வாங்கியவர் ஃபெர்ரியில் பிறைக்குப் போய் ரயிலேற வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் கடற்கரைத் தெரு ஒரு காலத்தில் உண்மையிலேயே கடற்கரை. தூர்த்துத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டார்கள். தொங்கான் என்ற சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கிய தமிழர்கள் குயின் தெருவிலும் கிங் தெருவிலும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள், காவடித்தண்டில் சோறும் கறியும் சுமந்து தமிழ் முஸ்லிம்கள் அவர்களுக்கு விற்றார்கள். இன்று நாசி கண்டாருக்கு வரிசையில் நிற்கும் சுற்றுலாப் பயணி சாப்பிடுவது அந்தத் துறைமுகச் சோற்றைத்தான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலின் பாண்டியன் சுமத்ராவிலிருந்து தொங்கானில் வந்து சேரும் ஊரும் இதுதான். அந்தப் புயல் அத்தியாயங்களை ஆடும் படகில் படிக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். இரண்டு பக்கத்தில் குமட்டியது.

ஜார்ஜ்டவுன் முனையில் நிற்கும் பழைய கோட்டைக்கு எதிரே நண்பர் எஞ்சினை நிறுத்தினார். பினாங்கைப் பிரிட்டிஷாருக்காகக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் இந்த முனைக்கு அருகில்தான் கொடியேற்றினார். ஆனால் நான் பார்க்க விரும்பியது வேறு தேதி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலில் வடக்கு வாயிலாக இந்தத் துறைமுகத்துக்குள் வந்தது. மூன்று புகைபோக்கிதான் அதற்கு. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய நாலாவதாகப் பொய்யாக ஒன்றைக் கட்டியிருந்தார் அதன் தலைவர் கார்ல் ஃபொன் மியூலர். உள்ளே ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக் நங்கூரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கேப்டன் கரையில் இருந்தார். நிமிடங்களில் கப்பல் மூழ்கி எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். வெளியேறும் வழியில் பிரெஞ்சு நாசகாரி 'முஸ்கே'யையும் மூழ்கடித்துவிட்டுப் போனது எம்டன். சென்னையில் அது வீசிய குண்டுகளைப் பற்றி நம்மவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள், ஆனால் அதன் பெரிய வேட்டை இங்கேதான் நடந்தது.

இன்னொரு கதை அவ்வளவு தெரியாதது. ஜப்பானியர் காலத்தில் பினாங்கில் சுவராஜ் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் இந்திய இளைஞர்களுக்கு உளவுப் பயிற்சி நடந்தது. 1942 செப்டம்பரில் ஒரு குழுவை நீர்மூழ்கியில் ஏற்றி மலபார்க் கரையில் இறக்கினார்கள். பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். பிழைக்க வந்த இந்தியர்களைச் சாகத் திருப்பி அனுப்பியதும் இதே தண்ணீர். துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு கல்வெட்டு இருந்தால் நன்றாக இருக்கும்.

கோட்டை முனையைத் தாண்டி மேற்கே திரும்பியதும் கடற்காற்று கிடைத்தது. எஞ்சின் ஓய்ந்து பாய் புடைத்தது. பயணத்தில் உண்மையான பாய்மர ஓட்டம் அந்தப் பிற்பகல்தான். ஈ அண்டு ஓ ஹோட்டலின் கடற்சுவர், கர்னி டிரைவ், தஞ்சோங் தோக்கோங்கில் 2010இல் திறந்த படகுத்துறை எல்லாம் வேகமாகப் பின்னால் போயின. வலப்பக்கம் வடக்கே கெடாவின் ஜெராய் மலை, 1,217 மீட்டர். கடாரம் தேடி வந்த பழைய மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அந்த மலைக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், 1834இல் ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். மகாநாவிகன் புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனின் பெயர் அதில் இருக்கிறது, ஐந்தாம் நூற்றாண்டு. கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில்.

பத்து பெரிங்கிக் கடற்கரையில் பாராசூட்டில் பறப்பவர்களைப் பார்த்துக் கையசைத்தோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்குக்காரர்கள். இந்தக் கரையிலும் தீவின் மேற்குக் கரையிலும். சுமத்ரா மறைத்ததால் இந்த எண்ணிக்கையோடு போயிற்று. தெலுக் பாஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயில். மாசிமகத்தன்று இங்கே கடலில் தெப்பம் விடுவார்கள். அன்று மட்டும் பினாங்குத் தமிழர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள்.

முக்கா ஹெட் முனைக்கு உள்ளே குரங்குக் கடற்கரையில் நங்கூரம் இறங்கியது. குன்றின் உச்சியில் கலங்கரை விளக்கம். குரங்குகள் எங்கள் வாழைப்பழச் சீப்பைக் கரையிலிருந்தே கணக்குப் பார்த்தன. "இவ்வளவுதானா பினாங்கு?" என்றார் கூட வந்த தம்பதியில் ஒருவர். யாரும் பதில் சொல்லவில்லை, மீன் பொரிந்துகொண்டிருந்தது.

பாய்ப்படகு வைத்திருக்கும் நண்பர் எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். பத்து மாவுங்கிலிருந்து ஜெரஜாக், ஜார்ஜ்டவுன் வழியாகத் தெலுக் பாஹாங் வரை தினசரிப் பயணிகள் படகு ஒன்றை மாநில அரசு விடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மட்டும் விட்டாலும் போதும். நெரிசலில் நிற்கும் கார்களும் குறையும், ஜெரஜாக்கில் இறங்கிக் கொட்டகை இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவும் முடியும். அதுவரை, தெலுக் பாஹாங் தேசியப் பூங்கா வாசலில் வாடகைப் படகு கிடைக்கும். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் அலை ஏறும்.