பொறுமையின் நாடி

அப்பா விட்டுச் சென்றது ஒரு பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம், நாள்தோறும் சாவி கொடுத்தால்தான் ஓடும். தில்லிக்கு வந்த முதல் மாதமே அது நின்றுவிட்டது. சாந்தினி சவுக்கில், சந்துக்குள் கடை வைத்திருந்த பெரியவரிடம் கொடுத்தேன்.

"ஸ்பிரிங் முறிந்திருக்கிறது, பேட்டா. இந்தக் கடிகாரக் கம்பெனியை மூட 2016-இலேயே அரசு முடிவு செய்துவிட்டது. பழைய சரக்கில்தான் தேட வேண்டும்" என்றார்.

வாரங்கள் மாதங்களாயின. சனிக்கிழமைதோறும் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஒருநாள் கோபம் மிஞ்சி, "பாட்டரி இயந்திரமாவது வைத்துக் கொடுங்கள்" என்றேன்.

"முகம் உன் தந்தையின் கடிகாரமாக இருக்கும்; நாடி வேறாகிவிடுமே!" என்றார். வாயடைத்துப் போனேன்.

ஸ்பிரிங் கிடைத்த பின்னும் பத்து நாள் வைத்துக்கொண்டார். நாளுக்கு ஒரு நிமிடம் பிந்தியது. 1,440 நிமிடங்களில் ஒன்றுதான்; ஆனால் அப்பிழையைக் காண ஒரு நாள் முழுதும் ஓடவிட வேண்டும். உள்ளிருக்கும் சிறு முள்ளை மயிரிழை நகர்த்துவார், மறுநாள்வரை காத்திருப்பார். நான் தாமதம் என்று எண்ணியதே அவருடைய வேலை!

நண்பர்களே, இப்போது காலைதோறும் சாவி கொடுத்துக் காதருகே வைக்கிறேன். நொடிக்கு ஐந்து துடிப்பு. சிறுவயதில் அப்பாவின் கையை அணைத்துத் தூங்கியபோது கேட்ட அதே ஓசை.