மிளகு இலையின் கறுப்பு ஓரம்

ஜூலை இரண்டாம் வாரம். மழை மூன்று நாளாக விடவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் நின்ற மிளகுச் செடியின் அடியிலை ஒன்றில் சுண்டுவிரல் நகத்தளவு கறுப்பு. மறுநாள் அது எட்டணாக் காசளவு ஆகியிருந்தது.

செடி குற்றிமிளகு. காய்க்கும் பக்கக்கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் மிளகு மரம் ஏறுவதை மறந்துவிடும். இடுப்பளவுப் புதராகத் தொட்டியிலேயே நின்று சரம் விடும். மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த ஆண்டே ஒன்று வாங்கினேன், பன்னியூர்-1 ரகம். மிளகு மணக்கும் ஊரில் இருந்துகொண்டு ஒரு மிளகுச் செடியாவது வளர்க்காமல் இருக்க மனம் வரவில்லை. 1957-இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கம் யூதர் தெருவில்தான் இருக்கிறது. உரக்கக் கூவி விலை பேசிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

பசியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுப்பகுதி மஞ்சளாகும். சாம்பல் சத்து குறைந்தால் நுனியும் ஓரமும் கருகும். இரண்டுக்குமாகக் கொஞ்சம் உரம் போட்டேன். நான்கு நாளில் மூன்று இலை உதிர்ந்தது.

இலையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபோர்ட் கொச்சியில் படகேறி, எர்ணாகுளம் ஜெட்டியில் இறங்கிப் பிராட்வேக்கு நடந்தேன். துணிக்கடை, பாத்திரக்கடை, மசாலாக் கடை எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு. அங்கே விதையும் உரமும் விற்கும் ஒரு சின்னக் கடையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் மருந்து கேட்டேன். அவர் கேள்வி கேட்டார்.

"மஞ்சளாகிக் கறுத்துச்சா, எடுத்த எடுப்புலேயே கறுப்பா?"

"எடுத்ததுமே கறுப்புதான், அண்ணாச்சி."

"மேலேருந்து எறங்குதா, கீழேருந்து ஏறுதா?"

"கீழேருந்து."

இலையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "ஓரத்தப் பாருங்க தம்பி. நடுவுல என்ன இருக்குங்கிறது முக்கியமில்ல. ஓரந்தான் பேசும். மருந்து இப்ப வேண்டாம். போயி நல்லாப் பாத்துட்டு வாங்க." விற்க வேண்டிய மனிதர் விற்காமல் அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையால்தான் இந்தத் தேடலே தொடங்கியது.

அன்று மாலை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூசணம் தின்ற வழக்கமான புள்ளிக்கு ஓரம் வட்டமாக, மஞ்சள் வளையத்தோடு இருக்கும். இதற்கு வளையம் இல்லை. வெள்ளைத் துணியில் சிந்திய மை நூலிழை வழியே ஊர்வதுபோல, கறுப்பின் விளிம்பிலிருந்து மெல்லிய நார்கள் பச்சைக்குள் நீண்டிருந்தன. பால்பாயிண்ட் பேனாவால் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் கறுப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

நார் விளிம்பும் இந்த வேகமும் சேர்ந்தால் மிளகில் ஒரே பெயர்தான்: ஃபைட்டோஃப்தோரா. கேரள விவசாயிகள் 'துருதவாட்டம்' என்பார்கள், விரைந்து வரும் வாடல். வேரில் நூற்புழு புகுந்து மெல்ல மஞ்சளாகிச் சாவது 'சாவதான வாட்டம்'. துருதவாட்டம் அப்படியல்ல. தண்டின் அடியில் பிடித்துவிட்டால் இலையில் ஒரு புள்ளிகூட வராமலே கொடி ஒரு மாதத்துக்குள் விழும். பார்க்கப் பூசணம் போலிருந்தாலும் இது பூசணமே இல்லை, கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு உறவு. இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் இதற்குப் பாதை போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. மண்ணில் விழும் துளி தெறித்து முதலில் தொடுவது அடியிலையை. தொட்டிக்கடியில் நான் வைத்திருந்த தட்டில் தண்ணீர் வேறு தேங்கிக் கிடந்தது.

1902-இல் வயநாட்டில் மிளகுக் கொடிகள் கூட்டமாகச் சாவதை முதலில் பதிவு செய்தவர் சி. ஏ. பார்பர், சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர். பத்து ஆண்டு கழித்துக் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, கரும்பு ஆய்வாளர் வெங்கட்ராமனோடு சேர்ந்து நம் கரும்பை மாற்றினாரே, அதே பார்பர். கரும்பில் கிடைத்த விடை மிளகில் கிடைக்கவில்லை. இந்தோனேசியாவில் முல்லர் 1936-இல் இந்த உயிரியைக் கையும் களவுமாகப் பிடித்தார். இந்திய மிளகில் அதுதான் என்று கேரளத்தில் சாம்ராஜும் ஜோஸும் சொன்னது 1966-இல். வயநாட்டுச் சாவுக்கும் அந்தப் பெயருக்கும் நடுவே 64 ஆண்டு. அதுவரை எத்தனை குடும்பங்கள் காரணம் தெரியாமல் காய்ந்த கொடியைப் பிடுங்கி எறிந்திருக்கும் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பிறகு பெயரும் மாறியது. இனத்தின் பெயர் இன்று ஃபைட்டோஃப்தோரா கேப்சிசி. கேப்சிகம் என்றால் மிளகாய். 1922-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லியோனியன் மிளகாய்ச் செடியிலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. கப்பலில் வந்த காய்க்கு மிளகின் பெயரை வைத்து 'மிளகாய்' என்றது தமிழ். மிளகைக் கொல்லும் நோய்க்கோ மிளகாயின் பெயர். 2001-இல் ஹவாயில் இதிலிருந்து 'டிராபிகாலிஸ்' என்று இன்னோர் இனத்தைப் பிரித்தார்கள். நம் மிளகில் இரண்டும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

என் தொட்டிக்கு அது எங்கிருந்து வந்தது என்பது பாக்கி. ஆய்வகத்தில் மண்ணைத் தண்ணீரில் கரைத்து மேலே இலைத்துண்டைத் தூண்டில்போல மிதக்கவிடுவார்கள். நானும் இரண்டு கிண்ணம் வைத்தேன். ஒன்றில் தொட்டி மண் கரைத்த நீர், மற்றதில் வெறும் குழாய்நீர். வேறொரு வீட்டு மிளகின் நல்ல இலையை நறுக்கி இரண்டிலும் மிதக்கவிட்டேன். மூன்றாம் நாள் குழாய்நீர்த் துண்டுகள் பச்சையாகவே கிடந்தன. மண்நீர்த் துண்டுகள் ஓரம் முழுக்கக் கறுத்திருந்தன. நுண்நோக்கி இல்லாமல் அதை முடிவான சாட்சி என்று சொல்ல மாட்டேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மண் ஏப்ரலில் மூவாற்றுப்புழைப் பக்கம் ஒரு நண்பர் தோட்டத்திலிருந்து சாக்கில் நான் கொண்டுவந்தது. போனில் கேட்டேன், எந்த இடத்து மண் என்று. கொஞ்சம் யோசித்து, முருக்கு மரத்தடி என்றார். அதில் ஏறியிருந்த கொடி போன மழைக்காலத்தில் பத்தே நாளில் இலை கொட்டிப் போனதாம். மரத்தடி சும்மாதானே கிடக்கிறது, மண்ணும் நன்றாக இருக்கிறது என்று அங்கேயே வெட்டிக் கொடுத்திருக்கிறார். பக்கத்துக் கொடிகளுக்கு உடனே போர்டோ கலவை அடிக்கச் சொன்னேன். ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுண்ணாம்பு. அவர் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அந்த மண்ணை வேற யாருக்காவது குடுத்தியா?"

கொடுத்திருந்தேன். பாதிச் சாக்கு, கீழ்வீட்டுப் பாட்டிக்கு. அவர் அதில் வைத்திருப்பது மிளகாய்.

போனை வைத்துவிட்டு டார்ச்சோடு இறங்கினேன். ஆறு நாற்று, பழைய பெயின்ட் டப்பாவில். "என்ன கண்ணு இந்த நேரத்துல?" என்றார் பாட்டி. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, ஒவ்வொரு தண்டின் அடியையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஐந்து கெட்டியாக இருந்தன. ஆறாவதை மழைக்குள்ளேயே இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.