வாடி என்றால் தோட்டம்

புனே நகரின் பழைய பேட்டைகளுள் ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு பாலவாடி நடந்துவருகிறது. அதை நடத்தும் அம்மையாருக்கு வயது ஐம்பத்தெட்டு. குழந்தைகள் அவரைத் 'தாயி' என்று அழைக்கின்றனர். தமிழ்ச் செவிக்கு அது அன்னையைக் குறிப்பதாகப் படும். மராத்தியிலோ அது மூத்த சகோதரியைக் குறிக்கும் சொல். வாயிலில் தகரப் பலகை ஒன்று தொங்குகிறது. அதில் தேவநாகரி எழுத்தில் 'பாலவாடி' என்னும் சொல் மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளது.

ஒரு காலத்தில் நாற்பது குழந்தைகள் வந்த இடம் அது. சென்ற ஜனவரியில் அடுத்த ஆண்டுக்குப் பதிவு செய்தோர் பதினொருவர் மட்டுமே. வாடகையும் இரண்டு உதவியாளர்களின் ஊதியமும் கொடுக்கக் குறைந்தது இருபது குழந்தைகள் வேண்டும். இல்லையேல் ஜூன் மாதம் கதவு திறக்காது. இந்தக் கணக்கை அவர் தம் குறிப்பேட்டில் பலமுறை போட்டுப் பார்த்திருந்தார்.

அவ்வேளையில்தான், இணைய விளம்பரத் துறையில் பணிபுரியும் அவருடைய தங்கை மகன் ஒரு திட்டத்தோடு வந்தான். துண்டறிக்கை, இணைய வரைபடத்தில் பதிவு, குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு காணொளி எனப் பட்டியல் நீண்டது. பட்டியலின் முதல் வரி பெயர்ப் பலகையைப் பற்றியது. "மாவ்ஷி, பாலவாடி என்றால் அரசு சோறு போடும் இடம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கிண்டர்கார்டன் என்று மாற்றுங்கள்" என்றான்.

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. ஏழைக் குழந்தையின் பசியைத் தணித்த அதே பெருமை, நடுத்தர வகுப்பாரின் செவியில் 'அங்கன்வாடி', 'பாலவாடி' ஆகிய சொற்களை 'நமக்குரியதன்று' என ஒலிக்கச் செய்துவிட்டது. மொழியியலார் இழிபொருட்பேறு என்று கூறுவது இதைத்தான். சொல்லின் பொருளில் இழிவு ஏதுமில்லை. அதைப் பயன்படுத்துவோர் யார் என்பதே அதன் மதிப்பை முடிவு செய்துவிடுகிறது.

ஆயினும் பரிந்துரைக்கப்பட்ட மாற்றத்தில் ஒரு விந்தை உண்டு. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1840இல் தம் நிறுவனத்துக்குச் சூட்டிய 'கிண்டர்கார்டன்' என்னும் பெயருக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். மராத்தியில் 'பால' என்றால் குழந்தை. 'வாடி' என்றால் தோட்டம், தோப்பு, சிற்றூர். ஆகவே பலகையிலிருந்து நீக்கச் சொன்ன சொல்லும் அங்கே ஏற்றச் சொன்ன சொல்லும் ஒன்றே. தமிழ்நாட்டில் இச்சொல் 'பால்வாடி' என வழங்குகிறது. அங்கு வழங்கப்படும் உணவை எண்ணிப் பலர் முதற்பகுதியைக் குடிக்கும் பாலாகவே கொள்கின்றனர். தோட்டம் மறைந்து பால் மட்டும் எஞ்சியது.

அத்தோட்டத்தின் வரலாறும் சிறிதன்று. 1920இல் கிஜுபாய் பதேகா பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், மகாராஷ்டிரத்தின் கடலோரச் சிற்றூரான போர்டியில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான கல்வியை 1945இல் தொடங்கிப் பின்னர் கோஸ்பாடில் பழங்குடிக் குழந்தைகளின் முற்றங்களுக்கே கொண்டு சென்றார். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இவர்களின் மரபில் வந்த எளிய கருவிகளே அம்மையாரின் அலமாரியில் இருந்தன: மணிகள், களிமண், மரத்துண்டுகள், மணல் பரப்பிய தட்டு.

துண்டறிக்கை எழுதும் முன், அம்மாதம் நாளிதழின் மடிப்பிலிருந்து விழுந்த பிற பள்ளிகளின் துண்டறிக்கைகளை அம்மையார் மேசைமீது பரப்பி வைத்தார். அவற்றில் பெரும்பாலும் பெயர்ச்சொற்களே இருந்தன: ஸ்மார்ட் வகுப்பறை, குளிரூட்டிய அறை, கண்காணிப்புக் கேமரா, சர்வதேசப் பாடத்திட்டம். வினைகள் வந்த இடங்களில் எழுவாய் எப்போதும் பள்ளியே. 'நாங்கள் வளர்க்கிறோம், நாங்கள் செதுக்குகிறோம், நாங்கள் ஆயத்தப்படுத்துகிறோம்.' குழந்தை எங்கும் செயப்படுபொருளாகவே நின்றது. எந்த வாக்கியத்திலும் அது தானாக ஒன்றும் செய்யவில்லை.

ஒரு தாளில் 'உங்கள் குழந்தை பின்தங்கிவிட வேண்டாம்' என்று இருந்தது. இவ்வாக்கியம் எதிர்மறையில் அமைந்தாலும், அதன் அடியில் கிடக்கும் முற்கோள் அசையாது நிற்கிறது: ஒரு பந்தயம் நடக்கிறது, மூன்று வயதுக் குழந்தை அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 'பின்தங்காது' என்று விடையளிக்கும் பெற்றோரும் பந்தயத்தை ஒப்புக்கொண்டே விடையளிக்கின்றனர். இன்னொரு தாள், மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்கு முன்பே நிகழ்வதாகத் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுவதை எடுத்துக் காட்டியிருந்தது. மழலையர் கல்வியில் அரசு முதலிட வேண்டும் என வாதிட அக்கொள்கை பயன்படுத்திய எண், துண்டறிக்கையில் பெற்றோரை அச்சுறுத்தும் கடிகாரமாகிவிட்டது.

இந்தச் சந்தை தானாக முளைத்ததன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கே உரிமையை உறுதி செய்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரையிலானோருக்கு, அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, அரசு இலவச முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு 'செய்யலாம்'. 'செய்ய வேண்டும்' என்று அங்கு இல்லை. ஒரு 'லாம்' விகுதி திறந்துவிட்ட வெளியில்தான் இத்தனை துண்டறிக்கைகளும் பறக்கின்றன.

மருமகன் எழுதிய முதல் வரைவும் அவற்றைப் போலவே இருந்தது. முதல் நாள் அழும் குழந்தையின் படத்தையும், மூன்று மாதம் கழித்துச் சிரிக்கும் அதே குழந்தையின் படத்தையும் அருகருகே போட அவன் விரும்பினான். அம்மையார் உடன்படவில்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதை அவனே சொன்னான். ஒப்புதல் கிடைக்கும் என்றும் சொன்னான். "அழுத குழந்தை ஒப்புக்கொள்ளவில்லையே" என்று அவர் பேச்சை முடித்தார்.

திருப்பம் ஒரு தாயின் கேள்வியிலிருந்து வந்தது. சேர்க்கை விசாரிக்க வந்த அவர், "என் மகன் எப்போது எழுதத் தொடங்குவான்?" என்று கேட்டார். அம்மையார் விளக்கம் எதுவும் தரவில்லை. உள்ளே நூலில் மணி கோத்துக்கொண்டிருந்த குழந்தையைக் காட்டினார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மணியைப் பற்றியிருந்தன. "எழுத்து அங்கே தொடங்கிவிட்டது" என்றார். கதவருகே நின்ற மருமகன் பழைய வரைவைக் கிழித்தான்.

புதிய அறிக்கையில் குழந்தையே எழுவாயாயிற்று. 'உங்கள் குழந்தை இங்கே களிமண் பிசையும். விரல்கள் வலுப்பெறும். அவ்விரல்களே பின்னர் பென்சிலைப் பிடிக்கும்.' ஆங்கிலம் பற்றி ஒரே ஒரு வரி: 'ஆங்கிலப் பாட்டுப் பாடும், அழுதால் தன் மொழியில் ஆறுதல் பெறும்.' கடைசித் தொடரை அம்மையார் எளிதாக எழுதிவிடவில்லை. வீட்டுமொழியில் கற்பித்தலை 'இயலும் இடங்களில்' பரிந்துரைக்கிறது கல்விக் கொள்கை. அந்தத் தெருவிலோ கன்னடமும் மார்வாடியும் தெலுங்கும் பேசும் வீடுகள் உண்டு. மராத்திப் பாலவாடி அக்குழந்தைகளுக்குத் தாய்மொழிப் பள்ளியன்று. எனவே 'தண்ணீர்', 'வலிக்கிறது', 'அம்மா வருவாள்' என்பனவற்றை அம்மொழிகளில் எவ்வாறு சொல்வது என்று பெற்றோரிடம் கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். அதன் பிறகே அத்தொடர் அச்சுக்குச் சென்றது.

ஒரு சனிக்கிழமைக் காலை பெற்றோர் அழைக்கப்பட்டனர். உரை ஏதுமில்லை, ஒரு மணி நேரம் தரையில் அமர்ந்து பார்த்தல் மட்டுமே. பதினான்கு குடும்பங்கள் வந்தன. சிலர் கைப்பேசியைப் பார்த்தபடி பாதியில் எழுந்து சென்றனர். ஒரு தந்தை, தம் மகள் மணலில் வட்டம் வரைவதை இறுதிவரை பார்த்திருந்தார். ஏழு குடும்பங்கள் பதிவு செய்தன.

மொத்தம் பதினெட்டு. கணக்குப்படி இன்னும் இருவர் குறைவு. உதவியாளர்களின் ஊதியத்தில் கைவைக்காமல், தமக்கெனக் குறிப்பேட்டில் எழுதியிருந்த தொகையை அம்மையார் அடித்தார். ஜூன் மாதம் கதவு திறந்தது.

மருமகனின் வற்புறுத்தலுக்கு ஓரிடத்தில் மட்டும் அவர் இசைந்தார். தகரப் பலகையில் 'பாலவாடி' அப்படியே உள்ளது. அதன் கீழே, சற்றுச் சிறிய ஆங்கில எழுத்தில் 'கிண்டர்கார்டன்' சேர்ந்துள்ளது. ஒரே சொல் இருமுறை எழுதப்பட்டிருப்பது தெருவில் செல்வோர் எவருக்கும் தெரியாது.