கையெழுத்து போடுங்க, கேப்டன் சார்!

"மிலிட்டரியில ஆபீஸரா இருந்தீங்களா? எத்தனை பேரை சுட்டிருக்கீங்க சார்?"

பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படுகிற முதல் கேள்வி இதுதான். (இரண்டாவது கேள்வி, "கேன்டீன் கார்டு இருக்கா?") உண்மையைச் சொன்னால் கேட்டவர் முகம் வாடிப்போகும். 10 வருஷ சர்வீஸில் நான் தினமும் கையில் எடுத்த ஆயுதம் ஒன்றே ஒன்று. 10 ரூபாய் பால்பாயின்ட் பேனா!

நான் பி.காம். ஒழுங்காக ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வவுச்சர்களுக்கு டிக் அடித்திருக்க வேண்டியவன். அதிலிருந்து தப்பிக்கத்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை யு.பி.எஸ்.சி. நடத்துகிற சி.டி.எஸ். பரீட்சை எழுதினேன். பெங்களூரில் 5 நாள் இன்டர்வியூ. அப்புறம் நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் 49 வாரம் டிரெயினிங். அங்கே அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். அதே அகாடமியில் பயிற்சி பெற்று, 1987-ல் இலங்கையில் உயிரைக் கொடுத்து, பரம்வீர் சக்ரா பெற்றவர். 2012-ல் அந்த மைதானத்தில் பரேடு முடிந்து, அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தோளில் எனக்கு நட்சத்திரம் மாட்டிவிட்டார்கள். கண் கலங்கியது. மனசுக்குள் ஒரே நினைப்பு... 'இனி ஜென்மத்துக்கும் வவுச்சர் கிடையாது!'

கிடைத்தது சப்ளையும் போக்குவரத்தும் பார்க்கிற ஆர்மி சர்வீஸ் கோர். முதல் நாள் கமாண்டிங் ஆபீஸர் முன்னால் விறைப்பாக நின்றேன்.

"என்ன படிச்சிருக்கே?"

"பி.காம்., சார்!"

மனுஷர் முகம் தாமரையாக மலர்ந்தது. சாயங்காலத்துக்குள் மெஸ் கணக்கு, கேன்டீன் கணக்கு, யூனிட் ஃபண்ட் கணக்கு மூன்றும் என் தலையில். பி.காம். படித்தவன் இமயமலை ஏறினாலும் டெபிட்டும் கிரெடிட்டும் பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வரும் என்று தெரிந்துகொண்டேன்.

பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு. வண்டி ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலும் அதன் டைரியில் ஏற வேண்டும். ஸ்பூன் உடைந்தால் தூக்கிப் போட முடியாது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள் கொண்ட 'போர்டு ஆஃப் ஆபீஸர்ஸ்' கூடி, பார்வையிட்டு, 'இது உடைந்ததுதான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முழங்கால் வரை பனி கிடக்கும்போது, நாங்கள் மூன்று ஆபீஸர்கள் 14 ஸ்பூன்களையும் ஒரு கெட்டிலையும் உற்றுப் பார்த்து ஒருமனதாக முடிவெடுத்தோம். நான் தலைமை தாங்கிய முதல் ராணுவ நடவடிக்கை!

ஆபீஸ் நண்பர்கள் அப்ரைசல், இன்க்ரிமென்ட் என்று புலம்புகிறார்களே, அங்கேயும் அதே கதைதான். பெயர் மட்டும் ஏ.சி.ஆர். 9-க்கு எத்தனை மார்க் என்று போடுவார்கள். முதல் மார்க் போடுகிற அதிகாரியின் கீழ் குறைந்தது 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். நமக்கு அனுகூலமானவர் 85-வது நாள் மாற்றலாகிப் போய்விட்டால், வந்த துக்கத்துக்கு அளவே கிடையாது. 2 வருஷத்தில் கேப்டன், 6-ல் மேஜர், 13-ல் லெப்டினன்ட் கர்னல்... இதெல்லாம் காலக் கணக்கில் வந்துவிடும். அதற்கு மேலே கர்னல் ஆக செலக்‌ஷன் போர்டு தாண்ட வேண்டும். அங்கே பேசுவது இத்தனை வருஷ ஏ.சி.ஆர்.கள்தான். என்னைப் போன்ற ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்கு 10-வது வருஷமே பரீட்சை. நிரந்தர கமிஷன், இல்லாவிட்டால் 4 வருஷ நீட்டிப்பு, அதுவும் இல்லையென்றால் வீடு. ஆகவே, தோளில் நட்சத்திரம் ஏறிய நாளிலிருந்தே ஒவ்வொருத்தனும் தன் ஏ.சி.ஆரை, வயசுப் பெண்ணைக் காக்கிற தகப்பன் மாதிரி காத்துக்கொண்டிருப்பான்.

நானும் அப்படித்தான் காத்தேன். அதில்தான் தப்பு நடந்தது.

2015 கோடை. நான் கேப்டன். ஸ்ரீநகரிலிருந்து லே போகிற சாலையில் எங்கள் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வழியில் ஸோஜி லா கணவாய், 11,500 அடி உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அதற்குள் அரிசி, ஆட்டா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று மேலே இருப்பவர்களுக்கு மாதக்கணக்கில் தேவையானதை ஏற்றிச் சேர்த்தாக வேண்டும். நம்ம வீட்டில் மழைக்காலத்துக்கு முன்னால் வடகமும் வற்றலும் சேர்த்து வைப்பதைப் போலத்தான். குடும்பம் மட்டும் கொஞ்சம் பெரிசு.

என் கம்பெனியில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் டிரைவர். லீவில் போனவன், இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணத்தைப் பண்ணிக்கொண்டு வந்து நின்றான். கையில் பதிவுச் சான்றிதழ், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ, விண்ணப்பம்.

"சார், பார்ட் டூ ஆர்டர் போடணும்" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், மேளம் கொட்டித் தாலி கட்டினால் மட்டும் போதாது. கம்பெனி ஆபீஸர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, அது 'பார்ட் டூ ஆர்டர்' என்று வெளியாகி, ரெக்கார்ட் ஆபீஸில் பதிவாக வேண்டும். அது வரைக்கும் சர்க்கார் கண்ணுக்கு அவன் பிரம்மச்சாரி. பிள்ளை பிறந்தாலும் இதே கதைதான்.

"வெச்சுட்டுப் போப்பா, பார்க்கறேன்" என்றேன்.

அந்த வாரம் என் ஏ.சி.ஆர். வாரம். என் பங்குக்கு நிரப்ப வேண்டியதை நிரப்பி, என் பெருமைகளைத் தேதிவாரியாகத் தொகுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கான்வாய். அப்புறம் ஃபண்ட் ஆடிட். அவன் காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம், அதன் மேல் இன்னொன்று... ஒரு தடவை வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். "ஆயிடும் ஆயிடும்" என்று கையை அசைத்தேன்.

11 நாள் ஆயிற்று.

11-வது நாள் ராத்திரி வயர்லெஸ்ஸில் செய்தி. ஒரு வளைவில் மண் சரிந்து லாரி பள்ளத்தில் உருண்டுவிட்டது. 40 அடி கீழே ஒரு பாறை தாங்கியதால் ஆள் இருக்கிறான். நினைவு இல்லை. ஓட்டியது அவன்தான்.

இந்த மாதிரி நேரத்தில் அனுப்ப வேண்டிய தகவலுக்கும் ஒரு படிவம் உண்டு. பெயர், நம்பர், காயத்தின் விவரம், நெருங்கிய உறவினர். ஹெட் கிளார்க் ஹரியானாக்காரர், சுபேதார். (அவரை நான் 'சாப்' என்பேன். அவர் என்னை 'சாப்' என்பார். இரண்டு சாப்கள் இருக்கிற ஆபீஸ்!) அவர் மெதுவாகக் கேட்டார்.

"சாப், ரெக்கார்டுல அம்மா பேர்தான் இருக்கு. அவங்களுக்குச் சொல்லிடலாமா?"

அம்மாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த அம்மா மருமகளை வாசற்படி ஏற்றவில்லை. அவள் தேனியில் ஒரு தோழி வீட்டில் இருந்தாள். அவனுக்கு ஒன்று ஆகியிருந்தால் முறையாகத் தகவல் போகிற ஒரே வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு வார்த்தை வராது. இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாவற்றுக்கும், "நான்தான் பெண்டாட்டி" என்று அந்தப் பெண் ஆபீஸ் ஆபீஸாக நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிரூபிக்கிற காகிதமோ என் மேஜை டிரேயில், என் பெருமைகளின் பட்டியலுக்கு அடியில் கிடந்தது.

கை நடுங்க உருவி எடுத்தேன். விண்ணப்பத்தின் ஓரத்தில் அவள் நம்பர் எழுதியிருந்தான். லைன் கிடைக்க அரை மணி நேரம் ஆனது. விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்...

"சார், நான் கிளம்பி வந்தா உள்ளே விடுவாங்களா? என் பேரு அங்கே இருக்கா?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"இருக்கும்மா" என்றேன். பொய்!

போனை வைத்த கையோடு அந்தப் பொய்யை உண்மையாக்க உட்கார்ந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு சுபேதார் சாப் டைப் அடித்தார். கையெழுத்துப் போடப் போகும்போது தயங்கிச் சொன்னார்.

"சாப், தேதி மட்டும் அவன் கொடுத்த நாளையே போட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

ஒரு நிமிஷம் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. 9-க்கு எத்தனை என்று போடப்போகிற கை நினைவுக்கு வந்தது. அப்புறம் அன்றைய தேதியையே போட்டேன். காலையில் கமாண்டிங் ஆபீஸர் பார்த்தார். விண்ணப்பத் தேதியையும் என் தேதியையும் விரலால் தொட்டார்.

"பதினொரு நாளா?"

"யெஸ் சார். என் தப்பு."

வசவுக்குத் தயாராக நின்றேன். அவர் உடனே காகிதத்தை மேலே அனுப்பச் சொல்லிவிட்டு, "இது உன் ஏ.சி.ஆர்.ல வராது. ஆனா நீ மறக்கக் கூடாது" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். தொடையில் பிளேட், முட்டியில் ஆபரேஷன். டெல்லி ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அவள் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலில் போனாள். வாசலில் காவலுக்கு நின்றவன் ரிஜிஸ்டரைப் புரட்டி, பெயரைப் பார்த்து டிக் அடித்து உள்ளே விட்டானாம். போனில் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். "பேரு இருந்துச்சு சார்."

நான் ஓடி ஒளிந்த அதே டிக். ஒரு டிக்குக்கு இவ்வளவு மதிப்பு என்று எனக்கு எந்த ஆடிட்டரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வருஷம் அவனுக்குப் பெண் குழந்தை. லாரி ஓட்ட முடியாததால் ஸ்டோரில் வேலை. ஸ்வீட் டப்பாவும் பிறப்புச் சான்றிதழுமாக வந்தான். டப்பாவைத் திறக்கிறதுக்குள் பார்ட் டூ ஆர்டர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "சார், முதல்ல ஸ்வீட்டு..." என்று அவன் கையை நீட்டியபடியே நின்றான்.

10 வருஷம் முடிந்து, 2022-ல் மேஜராக வெளியே வந்தேன். வெளியே வரவும் காகிதம் உண்டு. 'இவர் எங்களுக்கு எதுவும் பாக்கி வைக்கவில்லை' என்று மெஸ், கேன்டீன், லைப்ரரி ஒவ்வொன்றிலும் எழுதி வாங்க வேண்டும். வாங்கினேன். வீடு மாற்றி வீடு மாற்றி அலைந்த என் கறுப்புப் பெட்டிகள் இப்போது பரணில் இருக்கின்றன. வெள்ளை பெயின்ட்டில் 'மேஜர்' என்று இருக்கும். உற்றுப் பார்த்தால் அதற்கு அடியில் 'கேப்டன்' தெரியும். அந்தக் கேப்டனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டிரே ஞாபகம் வரும்.

ஆபீஸில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. உங்கள் டிரேயில் இப்போது மேலாக இருப்பது உங்கள் பிரமோஷன் காகிதமாக இருக்கலாம். அதைத் தூக்கிவிட்டு அடியில் யாருடையது கிடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

போன மாதம் இதை எல்லாம் ஒரு நண்பரிடம் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். காபி கொண்டு வந்த என் மனைவி நின்று கேட்டாள்.

"ஏங்க, இவ்வளவு பேசறீங்களே... உங்க பேங்க் அக்கவுன்ட்ல நாமினி யாரு?"

பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். காலேஜில் படிக்கும்போது திறந்த கணக்கு. நாமினி: என் அப்பா. அவர் 2018-லேயே காலமாகிவிட்டார்!

மறுநாள் காலை பேங்க் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் வாங்கி வைத்துக்கொண்டு புன்னகையோடு சொன்னார்.

"ஆபீஸர் டிரேயில வெச்சிடறேன் சார். நீங்க போயிட்டு வாங்க."

"பரவாயில்லைம்மா" என்று எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "கையெழுத்து ஆகட்டும். உட்கார்ந்திருக்கேன்."